இது எந்த வருஷத்துக் கூரை?



இந்த வார எபிசோடில் கம்ப்யூட்டர் உண்டாக்கும் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில் நான் "மாடல் ரயிலுக்குக் கூரை பிரிண்ட் போட்ட கதை ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்து, நேரமில்லாமல் பாதியில் விட்டுவிட்டேன். ரெக்கார்டிங் முடிந்ததும் மற்ற இருவரும் "அதை எழுதித் தொலைடா" என்றார்கள். இதோ எழுதிவிட்டேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சும்மா இருந்தவன் கிளப்புக்குப் போனது

நான் இருப்பது மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பருத்தி மில் ஊர். ஆறு மாதம் இங்கே, ஒன்பது மாதம் அங்கே என்று கான்ட்ராக்ட் பின்னாலேயே ஊர் மாறி வந்தவன். போன ஜனவரியில் இருந்த கான்ட்ராக்டும் புதுப்பிக்கப்படவில்லை. கான்ட்ராக்டருக்கு பெஞ்ச் எல்லாம் கிடையாது, தெரியுமில்லையா? வேலை இல்லாத நாளுக்குக் காசும் கிடையாது. காலையில் நாலு ரெஸ்யூமே அனுப்பிவிட்டு மதியம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துப் பொறுக்காமல், தான் போகும் மாடல் ரயில்வே கிளப்புக்கு இழுத்துப் போனார்.

ஒரு சர்ச் ஹாலுக்குப் பின்னால் இருக்கும் அறை. உள்ளே ஐந்து மீட்டர் நீளத்துக்கு 1957-ஆம் வருஷக் கோடைக்காலம் மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு ரயில் பாதை, அதை ஒட்டி ஒரு தெரு. தெருவின் ஒற்றைப்படை எண் பக்கம் மட்டும், 1 முதல் 47 வரை, 24 வீடுகள். அந்தத் தெரு நிஜத்தில் இதே ஊரில் இருந்தது. 1960-களில் இடித்துவிட்டார்கள். கிளப்பிடம் இருந்தது முன்வாசல் தெரியும் ஒரே ஒரு பழைய போட்டோ. அதில் கூரை தெரியாது.

முதல் 12 வீடுகளின் கூரையைப் போட்டவர் கிளப்பின் மூத்த உறுப்பினர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பேப்பரைக் கீற்று கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கல்லையும் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வண்ணம் கொடுத்திருந்தார். மீதி 12 வீடுகளுக்கு முன்னால் அவருடைய கண் மக்கர் பண்ணிவிட்டது. கண்ணின் நடுப்பார்வை மங்கும் நோய். ஓரத்தில் இருப்பது தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது. அக்டோபரில் கண்காட்சி. "நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே, மீதிக் கூரையை பிரிண்ட் போட்டுக் கொடுப்பியா?" என்று கேட்டார்கள். சும்மா இருக்கிறவன்தானே, சரி என்றேன்.

முதலில் கணக்கு

இங்கே பிரிட்டனில் பெரும்பாலும் புழங்குவது ஓஓ ஸ்கேல். நிஜத்தில் ஒரு அடி என்றால் மாடலில் 4 மில்லிமீட்டர். அதாவது 1-க்கு 76.2.

இந்த ஊர்க் கூரைகள் வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக் கல். சின்ன வயதில் பலப்பம் வைத்து எழுதினோமே, அதே சிலேட்டுதான். கல்லுக்கு வரி இருந்தது, 1831-இல் எடுத்தார்கள். 1836-இல் மலையிலிருந்து துறைமுகத்துக்குக் கல் இறக்க ஃபெஸ்டினியோக் ரயில் பாதை வந்தது. பிறகு நாடு முழுக்க ரயில் போட்டதும் மில் தொழிலாளிகள் குடியிருந்த தெருக்கள் எல்லாம் சிலேட்டுக்கு மாறிவிட்டன. அந்தக் குவாரி நிலப்பகுதி 2021 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

கல்லின் அளவுகளுக்குப் பிரபுக் குடும்பத்துப் பெண்களின் பட்டங்கள்தான் பெயர். 24-க்கு 12 அங்குலம் டச்சஸ். 20-க்கு 10 கவுன்டஸ். 16-க்கு 8 லேடி. எங்கள் தெருவுக்கு கவுன்டஸ் என்று முடிவானது.

ரீப்பர் மேல் ஆணி அடித்துக் கல்லைப் பதிக்கும்போது மூன்றாவது வரிசை முதல் வரிசையின் தலையில் 3 அங்குலம் ஏறி நிற்க வேண்டும். அப்போதுதான் ஒழுகாது. ஆக, வெளியே தெரியும் உயரம் 20-இல் 3 போக 17, அதில் பாதி: எட்டரை அங்குலம். ஸ்கேலில் ஒரு கல் 3.33 மில்லிமீட்டர் அகலம், தெரியும் உயரம் 2.83 மில்லிமீட்டர். ஒரு வீட்டின் ஒரு சரிவுக்கு வரிசைக்கு 18 கல் வீதம் 23 வரிசை, 414 கல். இரண்டு சரிவுக்கு 828. 12 வீட்டுக்கு 9,936.

கிட்டத்தட்ட பத்தாயிரம். "லூப் போட்டா முடிஞ்சது" என்று நினைத்தேன்.

வெர்ஷன் 1: போட்டோ

மழை மேகம் மூடிய நாளாகப் பார்த்து, கேமராவோடு தெருத் தெருவாக அலைந்தேன். வெயில் நாளில் எடுத்தால் நிழல் படத்திலேயே பதிந்துவிடும். அப்புறம் கூரையின் இரண்டு சரிவிலும் ஒரே பக்கம் நிழல் விழும், பார்த்தவுடனே காட்டிக் கொடுத்துவிடும். கீழே நின்று எடுப்பதால் மேல் வரிசைகள் நசுங்கித் தெரியும். ஓபன்சிவி-யில் நாலு மூலையைக் குறித்து நேராக்கிக்கொண்டேன்.

எடுத்த படங்களில் ஒன்றை அம்மாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். எங்கள் வீடு கரூர்ப் பக்கம், நான் காலேஜ் போகும்வரை ஓட்டு வீடுதான். பத்து நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "ஏன் கண்ணு, அந்த மூணாவது வீட்ல ஒழுகுமே, யாரும் பாக்கலியா?" பெரிதாக்கிப் பார்த்தேன். முகட்டுக்குக் கீழே ஒரு கல் இரண்டு விரற்கடை சரிந்திருந்தது. நேரில் நின்று படம் எடுத்த எனக்கு அது தெரியவில்லை.

நல்ல துண்டாக ஒன்றை எடுத்து, ஓரம் தெரியாமல் ஒட்டி, திரும்பத் திரும்ப அடுக்கி பிரிண்ட் எடுத்தேன். பச்சைப் பாசி, ஆரஞ்சும் சாம்பலுமாய்ப் படர்ந்த கற்பாசி, எல்லாம் அச்சு அசல். எனக்கே பெருமையாக இருந்தது. பெரியவர் பிரிண்ட்டை ஓரக்கண்ணுக்குக் கொண்டுபோய், லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எந்த வருஷத்துக் கூரை?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். 1957-இல் இந்த ஊர்க் கூரையில் பாசிப் படலம் ஏது? மில் புகை, எஞ்சின் புகை, வீட்டுக்கு வீடு கரி அடுப்பு. கூரை முழுக்கக் கருப்பு.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். கற்பாசிக்குக் கரிப்புகையில் இருக்கும் சல்ஃபர் டை ஆக்ஸைடு ஆகாது. தொழில் நகரங்களில் அது அநேகமாக அழிந்தே போயிருந்தது. லண்டன் 1952 டிசம்பரில் புகைமூட்டத்தில் திணறிய பிறகுதான் 1956-இல் சுத்தமான காற்றுக்கான சட்டம் வந்தது. அதன் பலன் மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. கற்பாசி திரும்பி வந்ததே காற்று சுத்தமானதற்கு அடையாளம் என்கிறார்கள். நான் எடுத்த ஒவ்வொரு போட்டோவும் நிஜம், ஆனால் 1957-க்குப் பொய்.

வெர்ஷன் 2: ரேண்டம்

சரி, போட்டோவே வேண்டாம் என்று பைத்தானில் ஒவ்வொரு கல்லாக வரைய ஆரம்பித்தேன். அடிப்படை நிறம் கரும்சாம்பல். கல்லுக்குக் கல் கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நீலம் ரேண்டமாக மாறும். சீட் எண்ணாக வீட்டு எண்ணையே கொடுத்தேன். 31-ஆம் எண் வீட்டை எப்போது ஓட்டினாலும் அதே கூரை வரும்.

பிரிண்ட் எடுத்தால் கூரை மேல் எள்ளும் அரிசியும் கலந்து தூவின மாதிரி இருந்தது. காரணம் பிறகு புரிந்தது. ஒரு வீட்டுக்கு வந்த கல் எல்லாம் ஒரே லோடு, ஒரே குவாரி. நிறம் பெரிதாக மாறாது. வித்தியாசத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தேன். பளிச்சென்று சுத்தமாக இருந்தது. பெரியவரின் 12 வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் ஏனோ ஒட்டவே இல்லை.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். "24 வீட்டுக்கும் நானே பிரிண்ட் போட்டுடறேன், ஒரே சீரா இருக்கும்" என்றேன். கிளப்பில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் இல்லாத ஒரு சாயங்காலம், 9-ஆம் எண் வீட்டுக் கூரைக்கு அடியில் கத்தியை விட்டு நெம்பினேன். ஒரு வரிசை கிழிந்தது. மிச்சம் அட்டையோடு கழன்று வந்தது. அட்டையின் அடிப்பக்கம் பென்சிலில் பொடி எழுத்து: "9. சிம்னி ஓரம் 3 கல். 1956." அதற்குக் கீழே: "பின்பக்கம், நடுவில், ஈயத் துண்டு 2."

திருப்பிப் பார்த்தேன். சிம்னியை ஒட்டி மூன்று கற்கள் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தன. பின் சரிவின் நடுவில் கடுகளவுகூட இல்லாத இரண்டு வெள்ளிப் புள்ளிகள். தூரிகை தெறித்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த புள்ளிகள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய், கழற்றின கூரையை முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஒட்டிடலாம்" என்றார். அப்புறம் டீ போடப் போய்விட்டார்.

வெர்ஷன் 3: காரணம்

"சிம்னி ஓரம் மூணு கல்னு எழுதியிருக்கீங்களே, ஏன் அங்க மட்டும்?" என்று கேட்டேன்.

"ஆன்டெனா" என்றார்.

இந்தப் பகுதிக்கு பிபிசி டிவி 1951-இல் ஹோம் மாஸ் டிரான்ஸ்மிட்டர் வழியாக வந்தது. 1953-இல் ராணியின் முடிசூட்டு விழா வந்ததும் ஆளாளுக்கு டிவி வாங்கினார்கள். எச் எழுத்து மாதிரி இருக்கும் ஆன்டெனாவைச் சிம்னியில் கட்டுவார்கள். 1956 மே மாதம் இங்கே ஐடிவி வந்தது. அதற்கு வேறு ஆன்டெனா, ஆள் மறுபடி ஏறினான். ஏறினவன் எங்கே காலை வைப்பான்? சிம்னி ஓரம். நூறு வருஷக் கல் உடையும். மாற்றின கல்லுக்குக் கரி ஏறியிருக்காது, வெளிறித் தெரியும்.

ஈயத் துண்டு? பழைய இரும்பு ஆணி துருப்பிடித்து அறுந்து கல் சரியும். ஆணி நோய் என்றே இதற்குப் பெயர். சரிந்த கல்லைத் திரும்ப ஆணி அடிக்க முடியாது, மேல் வரிசை மறைத்துக்கொண்டிருக்கும். அதனால் ஒரு ஈயப் பட்டையை உள்ளே அடித்து, கல்லைச் சொருகி, பட்டையின் நுனியைக் கொக்கி மாதிரி மேலே மடித்துவிடுவார்கள். அந்த நுனிதான் வெள்ளிப் புள்ளி.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வளர்ந்தது அதே தெருவில், எதிர்ப்பக்கம், 38-ஆம் எண் வீட்டில். ஒற்றைப்படை வீடுகளின் முன் சரிவு அவருடைய ஜன்னலுக்கு நேர் எதிரே. பதினேழு வயதில் எஞ்சினில் கரி தள்ளும் ஃபயர்மேன். பின் சரிவு எஞ்சினிலிருந்து தினமும் தெரியும். அந்தத் தெருவின் கூரை இப்போது இருக்கிற ஒரே இடம் இவருடைய தலைக்குள்தான். அதை நான் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு ரேண்டம் நம்பர் போடப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆறு வியாழக்கிழமைகள் அவர் வீட்டில் உட்கார்ந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், நான் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அடிப்பேன். சில வரிகள்:

வீடு 27: பின் சரிவு, கீழ் வரிசைகள், 20 கல் புதுசு. 1940 டிசம்பர் குண்டுவீச்சில் அடுத்த தெருவில் விழுந்தது.

வீடு 31: சிம்னி ஓரம் 3 கல், 1956. ஆன்டெனா.

வீடு 35: ஈயத் துண்டு 9. புருஷன் இல்லாத அம்மா. மொத்தமாக மாற்றக் காசில்லை, ஒவ்வொன்றாகச் சரி பண்ணினாள்.

வீடு 39: பின்பக்கம் தார் பூசிய ஒட்டு. மகனுக்கு ரயில்வேயில் வேலை, தார் ஓசி.

புரோகிராமில் ரேண்டமாக நிறம் மாற்றும் பகுதியை ரொம்பச் சின்னதாக்கிவிட்டேன். அதற்கு மேல் இந்த ஃபைலை வரி வரியாகப் படித்து, அந்தந்த இடத்தில் உடைந்த கல், ஈயம், தார் என்று வரையும். கோடு எழுத இரண்டு நாள்தான் ஆனது. 12 வீட்டுக் கூரையும் பெரியவர் கையால் செய்ததற்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துகொண்டன. எந்தக் கல்லும் காரணமில்லாமல் வித்தியாசமாக இல்லை, அவ்வளவுதான்.

கடைசி வியாழக்கிழமை கேட்டேன்: "உங்க வீட்டுக் கூரை எப்படி இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியலியே தம்பி. அதுக்கு அடியிலதானே இருந்தேன்" என்றார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

மாடல் ரயில் மட்டுமில்லை, பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்டுக்கு வீடு செய்தாலும் இவை உதவும்.

*பேப்பர்:* சாதாரண 80 ஜிஎஸ்எம் போதும். அதன் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நிஜக் கல் 5 மில்லிமீட்டர் கனம் என்றால் ஸ்கேலில் 0.07. கடையில் விற்கும் மேடு பள்ளம் வைத்த பிளாஸ்டிக் ஷீட்டைவிடப் பேப்பர்தான் நிஜத்துக்குப் பக்கம்.

*அளவு:* பிரிண்ட் செட்டிங்கில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை அணைத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். 3 சதவீதம் சுருங்கினாலே 23 வரிசையில் 2 மில்லிமீட்டர் குறையும், முகட்டில் இடைவெளி விழும். ஷீட் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு, ஸ்கேல் வைத்து அளந்த பிறகு கத்தரியைத் தொடுங்கள்.

*கோடுகள்:* 600 டிபிஐ-யில் ஒரு கல் 79 பிக்ஸல் அகலம். இரண்டு கல்லுக்கு நடுவே நிஜத்தில் 3 மில்லிமீட்டர் சந்து என்றால் அது ஒரே ஒரு பிக்ஸல். அதைக் கருப்பாகப் போட்டால் இன்க் பேப்பரில் பரவி, ஜன்னல் கம்பி மாதிரி ஆகிவிடும். கல்லைவிடக் கொஞ்சமே கருத்த சாம்பல் போதும்.

*நிறம்:* இன்க்ஜெட்டில் சாம்பல் நிறம் பல வண்ணங்கள் கலந்து வருவது. ஸ்கிரீனில் சாம்பல், எல்இடி விளக்கில் பச்சை, டியூப்லைட்டில் ரோஸ் என்று ஏமாற்றும். ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு 25 விதச் சாம்பலை பிரிண்ட் எடுத்து, மாடல் நிற்கப்போகும் அதே விளக்கின் கீழ் வைத்துத் தேர்ந்தெடுங்கள். நினைப்பதைவிட ஒரு படி வெளிறினதே சரியாக இருக்கும்.

*இன்க்:* டை இன்க் வெளிச்சத்தில் வெளுக்கும், ஈரம் பட்டால் கரையும். பிக்மென்ட் இன்க் நல்லது. எதுவானாலும் வெட்டுவதற்கு முன்பே மேட் வார்னிஷ் ஸ்ப்ரே லேசாக இரண்டு முறை.

*ஒட்டுவது:* 5 மில்லிமீட்டர் உயரக் கீற்றாக வெட்டி, அடி அட்டையில் 2.83-க்கு ஒரு கோடு போட்டு, கீழிருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். அரைக் கல் தள்ளித் தள்ளி வரவேண்டும். வெட்டின ஓரம் வெள்ளையாகப் பல்லைக் காட்டும், சாம்பல் கலர் பென்சிலால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். தண்ணீர்ப் பசை பேப்பரைச் சுருக்கும். க்ளூ ஸ்டிக் போதும்.

கடைசியாக

மே மாதம் எனக்குப் புதுக் கான்ட்ராக்ட் கிடைத்தது. அக்டோபரில் கண்காட்சி நடந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ரயிலைத்தான் பார்த்தார்கள், கூரையை இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் 35-ஆம் எண் வீட்டைக் காட்டி, "ஏன் இதுல இவ்வளவு புள்ளி?" என்று கேட்டாள். பெரியவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆயிற்று.

9-ஆம் எண் வீட்டில் நான் கிழித்த வரிசை ஒட்டிய பிறகும் தெரிகிறது. அதை மறைக்க வேண்டாம் என்றார். ஃபைலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "வீடு 9: முன் சரிவு, நாலாவது வரிசை. கம்ப்யூட்டர்காரன்."

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ ஒரு போன் போட்டு, பழைய வீட்டில் மழைக்கு எங்கே ஒழுகும், ஏன் அங்கே மட்டும் ஒழுகும் என்று கேளுங்கள். பதிலை இந்த மெயிலுக்கே ரிப்ளையாக அனுப்புங்கள். வந்ததில் சிலவற்றை அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.

மீண்டும் சந்திப்போம். மழைக்காலம், கூரையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.